தீர்வையில்லாச் சுங்கம்

சுங்கம் என்றதும் நம்மனோர் நெஞ்சில் முதற்கண் தோன்றுவது பணமே. பண்டைத் தமிழர் அதனை உல்கு என வழங்கினர். அரசனுக்குரிய பொருள் வருவாய்களுள் உல்கு பொருளையும் ஒன்றாக வைத்து எண்ணினார் வள்ளுவர். பிற்காலத்தே முதலாங் குலோத்துங்கன் ‘சுங்கந் தவிர்த்த சோழன்’ எனப் பெயர் பெற்றான். இவ்வழியே சிந்திப்போர், தீர்வை நீங்கிய இடத்தில் எல்லையும் நீங்கிவிடும், வணிகர் வழி தானே திறந்துவிடும் என்று கொள்வர். அக்கொள்கை எத்துணைப் பிழைபட்டதென அறிய விரும்புவோர், பெரிய பிரித்தானியாவுக்கும் வட அயர்லாந்துக்கும் இடைப்பட்ட கடலில் 2021 ஜனவரி முதலாந் திகதி தொடக்கம் நிகழ்ந்துவருவதை நோக்குவாராக. ஒரே முடியின் கீழ், ஒரே நாணயம் வழங்கும் இரு கரைகளுக்கிடையே அங்கு ஒரு சுங்க எல்லை எழுந்துள்ளது. அதனைக் கடக்கும் பண்டங்களுட் பெரும்பாலானவற்றுக்குத் தீர்வை இல்லை. ஆயினும் வணிகர் இளைத்துப் போகின்றனர்.

எல்லை கடலில் எழுந்தமைக்குக் காரணம் நிலத்தில் உள்ளது. அயர்லாந்து இரண்டாகப் பிரிந்தபின், 1923 ஏப்பிரில் முதலாந் திகதி அத்தீவினூடே சுங்கச் சாவடிகள் நிறுவப்பெற்றன. சரக்கு வண்டிகள் அனுமதி பெற்ற சில வீதிகளால் மட்டுமே செல்லலாம் என விதியாயிற்று. டெறி நகரத்துக் கடைக்காரர்க்கு, தம் வாடிக்கையாளர் வாழ்ந்த டொனிகோல் நாட்டுப்புறம் பொழுது விடிய அந்நிய தேசமாயிற்று. வெண்ணெயும் கால்நடையும் இருளில் எல்லை கடந்தன. 1956இலும் அதன் பின்னரும் ஆயுதம் ஏந்தியோர்க்குச் சாவடிகளே இலக்காயின. 1993இல் ஐரோப்பியத் தனிச்சந்தை தொடங்கியபோதே அச்சாவடிகளின் வேலை ஒழிந்தது. 1998இல் எய்திய பெரிய வெள்ளி உடன்படிக்கைக்குப் பின்னர்ப் படைவீரர் காவலும் படிப்படியாக நீங்கிற்று. ஏறத்தாழ 500 கிலோமீற்றர் நீளமும் இருநூற்றுக்கு மேற்பட்ட கடவைகளும் உடைய அவ்வெல்லையில் மீண்டும் ஒரு சாவடி எழுவதை எவரும் விரும்பிலர்.

2016இல் நிகழ்ந்த சர்வசன வாக்கெடுப்பின்படி பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தினின்றும் விலகியபோது, எங்கேனும் ஓரிடத்திற் சரக்கைச் சோதித்தே ஆகவேண்டிய நிலை ஏற்பட்டது. நிலத்திற் கூடாதெனின் கடலில் என 2019 ஒக்ரோபரில் முடிவாயிற்று. வட அயர்லாந்து சட்டப்படி பிரித்தானியச் சுங்க ஆள்புலத்தினுள் இருக்கும். ஆனாற் பண்டங்களைப் பொறுத்தமட்டில் ஒன்றியத்தின் விதிகளையே பின்பற்றும். இவ்விரண்டும் ஒருங்கே எவ்வாறு இயலும் என்ற வினாவுக்கு விடையிறுக்கும் பொறுப்பு அரசறிஞரிடமிருந்து நழுவி, சரக்கனுப்பும் எழுதுவினைஞரின் மேசையில் வந்து விழுந்தது. படிவம் எதுவும் வேண்டியதில்லை என அக்காலப் பிரதமர் பொறிஸ் ஜோன்சன் 2019 நவெம்பரில் வட அயர்லாந்து வணிகர்க்கு உறுதி கூறியிருந்தார். படிவங்கள் வந்தே சேர்ந்தன.

அப்படிவங்களில் முதலிற் கேட்கப்படுவது பொருளின் பெயர். தமிழ் பயின்றோர்க்கு இவ்விடம் சுவை தரும் என்று எண்ணுகின்றேன். உலகிலுள்ள வாணிகப் பண்டங்கள் அனைத்துக்கும் ஒரு நிகண்டு உண்டு. திவாகரம் தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர் எனத் தொகுதி தொகுதியாகச் சொற்களை வகுத்தாற்போல, இந்நிகண்டு உயிர் விலங்கு, இறைச்சி, மீன் எனத் தொடங்கிக் கலைப்பொருளும் தொல்பொருளும் ஈறாக ஐயாயிரத்துக்கு மேற்பட்ட வகைகளை இலக்கமிட்டு நிறுத்துகின்றது. முதல் ஆறு இலக்கங்கள் ஏறத்தாழ உலக முழுமைக்கும் பொது; பிரித்தானிய இறக்குமதியிற் பத்து இலக்கம் வரை அது நீளும். இனிப்புப் பிஸ்கற்று எனின் அது சொக்கலேற் பூசியதோ பூசாததோ என்று வினவும். நிகண்டிற் பிழைபட்ட மாணாக்கனுக்குப் பிரம்படியோடு போயிற்று. இலக்கத்திற் பிழைபட்ட வணிகனது சரக்கோ துறைமுகத்திற் கிடக்கும். நானூறு வகைப் பொருள் விற்கும் ஓர் இரும்புக்கடைக்காரன் நானூறு பொருளுக்கும் இவ்விலக்கங்களைத் தேடி அறிதல் வேண்டும்.

அடுத்த வினா, பொருள் எங்கே பிறந்தது என்பது. பிரித்தானியாவும் ஒன்றியமும் 2020 திசெம்பரிற் செய்த வாணிக உடன்படிக்கை, தம்முள் விளைந்த பண்டங்களுக்கே தீர்வை விலக்கு அளிக்கின்றது. அப்பிறப்பை மெய்ப்பித்தல் விற்பவன் கடன். மார்க்ஸ் அன்ட் ஸ்பென்சர் என்னும் பெருங்கடையார் விற்கும் ‘பேர்சி பிக்’ என்ற பன்றி முக மிட்டாயின் கதை இதனை நன்கு விளக்கும். அது ஜேர்மனியிற் செய்யப்பட்டு, இங்கிலாந்துக்கு வந்து, பின்னர் அயர்லாந்துக் குடியரசிலுள்ள கடைகளுக்குச் சென்றது. ஒன்றியத்திற் பிறந்து ஒன்றியத்துக்கே மீண்ட பொருளாயினும், இடையே இங்கிலாந்திற் பண்டசாலையிற் கிடந்தமையாற் பிறப்புரிமை இழந்து தீர்வைக்கு உள்ளாயிற்று. நகைப்புக்கிடமான செய்தியே. எனினும் விதியின் சொற்படி அதுவே சரி.

வட அயர்லாந்துக்குச் செல்லும் சரக்கில் வினா இன்னும் நுட்பமாகும். பெல்பாஸ்ற் நகரில் விற்கப்போகும் நாற்காலிக்கும், அங்கிருந்து திறந்த வீதிவழியே டப்ளினுக்குப் போய்விடக்கூடிய நாற்காலிக்கும் வேறுபாடு யாது? கண்ணுக்கு ஒன்றுமில்லை. ஆதலின் ‘கடந்துபோகக்கூடும்’ என்ற ஐயத்துக்குரிய பொருளை ஒன்றியத்தின் தீர்வை அட்டவணையே ஆளும் என்றும், அது கடந்து போகாதென நிறுவுதல் வணிகன் பொறுப்பு என்றும் வகுத்தனர். இல்லாததை இல்லையென நிறுவுதல் எத்துணை அரிது என்பதைத் தருக்கம் கற்றோர் அறிவர்.

உணவுப் பண்டங்களின் நிலையோ சொல்லுந்தரமன்று. இறைச்சி, பால், மீன் முதலியவற்றுக்கு மிருக வைத்தியரின் கையொப்பமிட்ட சுகாதாரப் பத்திரம் வேண்டும். குளிரூட்டிய சொசேஜஸ் வெளிநாட்டிலிருந்து ஒன்றியத்துட் புகலாகாது என்ற பழைய விதி ஒன்று, 2021இற் செய்தித்தாள்கள் ‘சொசேஜ் போர்’ என்று தலைப்பிடும் அளவுக்குச் சென்றது. மண் ஒட்டிய செடிக்கும் தடை வந்தது. ஸ்கொத்லாந்து நாற்றுத்தோட்டத்துப் பூச்செடி, தலைமுறை தலைமுறையாகக் கடல் கடந்து அன்றிம் கோட்டத்து முற்றங்களில் நடப்பட்டது. அதன் வேரிலுள்ள மண் அந்நிய மண்ணாயிற்று. ஒரே அரசின் குடிகளிடம் இதனை எம்மொழியில் விளக்குவது?

ஒரு லொறியிற் பல வணிகரின் பொதிகளை ஒருங்கே ஏற்றிச் செல்லுதல் சிறு வணிகர்க்கு நெடுங்காலமாக உதவிய வழக்கம். புதிய எல்லையில் அவ்வழக்கமே அவர்க்குப் பகையாயிற்று. ஒருவர் பத்திரத்தில் ஓர் எழுத்துப் பிழைத்தால் முழு லொறியும் நின்றது. ஆகவே லொறிக்காரர் சிறு பொதிகளை ஏற்கத் தயங்கினர். பெருங்கடையார் தம் லொறியைத் தம் சரக்காலேயே நிரப்புவர். சுங்கம் அறிந்த எழுதுவினைஞரைச் சம்பளத்துக்கு அமர்த்துவர். பத்திரம் எழுதும் செலவு பத்துப் பெட்டிக்கும் ஆயிரம் பெட்டிக்கும் பெரிதும் வேறுபடாது. தீர்வையாவது பொருளின் விலைக்கேற்ப ஏறியிறங்கும். பத்திரச் செலவுக்கு அவ்விரக்கமும் இல்லை. என் எண்ணத்தில் இச்சிக்கலின் கரு இதுவே. சுமை அரசுக்கும் உண்டு என்பது மெய். நாட்டின் புதிய எல்லை ஏற்பாடுகள் அனைத்துக்கும் குறைந்தது 470 கோடி பவுண் செலவாகும் எனப் பிரித்தானியத் தேசியக் கணக்காய்வு அலுவலகம் 2024இற் கணித்தது. வட அயர்லாந்து வணிகர்க்குப் படிவம் நிரப்ப உதவும் சேவை ஒன்றை அவ்வரசு இலவசமாகவும் நடத்துகின்றது. ஆயினும் படிவத்தில் எழுதவேண்டிய செய்தியை அச்சேவை அறியாது. இங்கிலாந்தில் உள்ள விற்பனையாளனே அறிவான். அவனோ, தன் வாடிக்கையாளருள் நூற்றில் இருவரோ மூவரோ வாழும் கரைக்காக இத்துணைத் தொல்லை ஏன் எனக் கருதி, ‘வட அயர்லாந்துக்கு அனுப்புவதில்லை’ என எழுதிவிடுகின்றான். ஏறத்தாழ 19 இலட்சம் மக்கள் வாழும் நிலத்துக்கு இவ்வொரு வரி பெருங்கேடு. 2024 திசெம்பரில் ஒன்றியத்தின் பண்டப் பாதுகாப்பு ஒழுங்குவிதி நடைமுறைக்கு வந்தபோது, ஒன்றியத்திலோ வட அயர்லாந்திலோ பொறுப்பாளர் ஒருவரை நியமித்தல் வேண்டும் என்ற நிபந்தனை கண்டு, கைவினைப் பொருள் விற்கும் சிறியோர் சிலர் இவ்வாறே பின்வாங்கினர்.

2023 பெப்ரவரியில் எய்திய வின்சர் ஏற்பாடு இவற்றுட் சிலவற்றைத் தணித்தது. நம்பிக்கைக்குரியோர் எனப் பதிவு பெற்ற வணிகரின் சரக்குக்குப் பச்சை வழி. குடியரசுக்குச் செல்லக்கூடிய சரக்குக்குச் சிவப்பு வழி. உணவு ஏற்றிய லொறி ஒன்றுக்கு, பொருள்தோறும் பத்திரம் வேண்டாது, பொதுப் பத்திரம் ஒன்று போதும். இதற்கு விலையாக ‘ஐரோப்பிய ஒன்றியத்துக்கன்று’ என்னும் பொறி உணவுப் பொதிகளில் ஏறிற்று. காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கத்தார் பண்டப் பொதிகளிற் புலிப்பொறி இட்ட செய்தியைப் பட்டினப்பாலை வாயிலாக அறிவோம். அப்பொறி, உல்கு பெற்றுப் பொருளை உலகுக்கு விடுத்ததன் அடையாளம். இப்பொறியோ ஒரு தீவின் பாதிக்குள் பொருளை அடைத்துவைப்பது.

அரசியலிலும் புண் ஆறவில்லை. 2021 பெப்ரவரியிற் பெல்பாஸ்ற், லார்ன் துறைமுகங்களிற் சோதனையாளர் அச்சுறுத்தப்பட்டமையாற் சோதனை சில நாள் நின்றது. அடுத்த ஆண்டு, இக்கடலெல்லையை எதிர்த்துச் சனநாயக ஒன்றியக் கட்சி பதவி துறக்க, மாகாண ஆட்சி 2024 பெப்ரவரி வரை முடங்கிற்று. அவர்தம் சினத்தை வெறும் கொடிப்பற்று என ஒதுக்கல் தகாது. தம் நாட்டுக்குள்ளேயே சுங்கப் படிவம் எழுதுவோனுக்கு மனம் புண்படும். அதேபோல், நிலத்திற் சாவடி வரும் என அஞ்சியோரின் அச்சமும் வரலாற்றில் வேரூன்றியது. 2024 திசெம்பரில் வட அயர்லாந்துச் சட்டசபை இவ்வேற்பாட்டை மேலும் நான்காண்டு தொடர 48க்கு 36 என்ற வாக்கால் இசைந்தது. எதிர்த்து வாக்களித்தோர் ஒன்றியப் பற்றாளரே.

2025 மே மாதத்தில் இலண்டனும் பிரசெல்சும் உணவு, செடிகொடிப் பண்டங்கள் குறித்துப் பொதுவிதி உடன்படிக்கை ஒன்றை நோக்கி முயல இணங்கின. அது நிறைவேறின் மிருக வைத்தியரின் கையொப்பங்களுட் பெரும்பகுதி ஒழியும். பூச்செடியும் மண்ணோடு கடல் கடக்கக்கூடும். ஆணிப் பொதிக்கும் நாற்காலிக்கும் இலக்கம் எழுதும் வேலை மட்டும் அதனால் ஒழியாது.