பொறியியலாளர் ஆண்டால் போதுமா?

“சீனாவைப் பாருங்கள், பொறியியலாளர்கள் ஆள்கிறார்கள்; அதனால்தான் முன்னேறுகிறது” என்று மேடைதோறும் முழங்கும் நம்மவர்களுக்கு சூ ஷுலின் என்ற பெயரை நினைவூட்ட விரும்புகின்றேன்.

டாச்சிங் எண்ணெய் வயலில் பொறியியலாளராகத் தொழிலைத் தொடங்கியவர். 2007இல் சினோபெக் எண்ணெய் நிறுவனத்தின் தலைவர். 2011இல் பூஜியான் மாகாண ஆளுநர். அதே ஆசனத்தில் முன்னர் அமர்ந்திருந்த ஷி ஜின்பிங்கும் இரசாயனப் பொறியியல் கற்றவரே. 2015 ஒக்டோபரில் சூ விசாரணைக்கு உள்ளானார். இலஞ்சம், அதிகார துஷ்பிரயோகம் ஆகிய குற்றங்களுக்காக 2017இல் 16 ஆண்டுச் சிறை.

கணிதம் கற்றவர் மக்களுக்குக் கணக்குக் காட்டுவார் என்று யார் சொன்னது? ஆளுநராக இருந்த நான்கு ஆண்டுகளில் அவரைக் கேள்வி கேட்க அங்கே ஒரு சுதந்திரப் பத்திரிகைகூட இருக்கவில்லை. பிடித்தது கட்சியின் ஒழுக்காற்று ஆணைக்குழு. அதுவும் கட்சி விரும்பிய வேளையில்.