மதிப்பெண்ணைக் கேளாதீர், மக்களைக் கேளுங்கள்!

அஞ்சுகிராமத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் வழியில் உள்ள மயிலாடி, கல்தச்சர் ஊர். அங்கே கல்தச்சன் உளியை எடுக்குமுன் கல்லைத் தட்டிப் பார்க்கிறான். அதன் ஒலிக்குச் செவி சாய்க்கிறான். எக்கல் எவ்வுருவைத் தாங்கும், எங்கே கீறல் மறைந்துள்ளது என்பதை அவ்வொலி அவனுக்குச் சொல்லும். கேளாமல் உளி வைப்பான் கையில் கல் பிளந்துபோகும். கல்லுக்குக் காட்டப்படும் இப்பொறுமையை, அவ்வூரைச் சூழ வாழும் பெற்றோர் தாம் பெற்ற மக்களுக்குக் காட்டுகின்றனரா?

விடியுமுன்னே அஞ்சுகிராமத்துச் சாலையோரம் பொத்தகச் சுமை தோளை அழுத்த, உறக்கம் கலையாக் கண்களோடு பதினாறு பதினேழு அகவைப் பிள்ளைகள் நிற்கின்றனர். பள்ளிக்கு முன் ஒரு தனிப்பயிற்சி; பள்ளிக்குப் பின் இன்னொன்று. இரவு வீடு திரும்பும் பிள்ளையிடம் "உண்டாயா?" என்று கேட்குமுன் "எத்தனை மார்க்கு?" என்று கேட்கும் தாய், "பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு எத்தனை?" என்று தொடரும் தந்தை. இஃது ஒரு வீட்டுக் கதை அன்று, தெருத்தோறும் நடப்பது.

குமரி மாவட்டம் கல்வியிற் சிறந்தது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில் நூற்றுக்கு 91.75 பேர் எழுத்தறிவு பெற்று, தமிழ்நாட்டிலேயே முதலிடம் பெற்ற மாவட்டம் அது. அப்பெருமையே இன்று பிள்ளைகளின் தலைமேற் சுமையாகிவிட்டது. வீட்டுக்கு ஒரு மருத்துவர், இல்லையேல் ஒரு பொறியாளர் என்று பெற்றோர் முன்னரே முடிவு கட்டிவிடுகின்றனர். முடிவில் உரிமை உடைய பிள்ளையை மட்டும் எவரும் கேட்பதில்லை.

இந்நெருக்கடியில் அரசுக்கும் பங்குண்டு என்பதை மறைத்தல் நேர்மையாகாது. மாநிலத்தின் உரிமையாக இருந்த கல்வி, 1976ஆம் ஆண்டின் 42ஆம் சட்டத் திருத்தத்தால் நடுவணரசும் கைவைக்கும் பொதுப்பட்டியலுக்குக் கொண்டுபோகப்பட்டது. தொழிற்கல்விக்கான நுழைவுத்தேர்வை ஒழிக்கத் தமிழ்நாடு 2006இல் சட்டம் இயற்றியது. ஆயினும் 2017இல் 'நீட்டு' எனும் தேர்வு தமிழ்நாட்டின்மீது சுமத்தப்பட்டது. விலக்குக் கேட்டுச் சட்டமன்றம் 2021இலும் 2022இலும் நிறைவேற்றிய சட்டவரைவுக்கு இசைவு கிடைக்கவில்லை. மாநிலப் பாடத்திட்டத்தில் 1200க்கு 1176 மதிப்பெண் பெற்ற அரியலூர் மாவட்டத்து அனிதா, மருத்துவக் கல்லூரியின் கதவு அடைக்கப்பட்டதால் 2017 செப்தம்பர் 1ஆம் நாள் உயிர் நீத்தார். அங்கே கேளாச் செவி தில்லியுடையது.

ஆனால், பிள்ளையைக் கேளாத குற்றம் தில்லிக்கு மட்டும் உரியதன்று. பொதுத்தேர்வில் முதலிடம், இரண்டாமிடம் என்று பட்டியலிடும் வழக்கத்தைத் தமிழ்நாட்டு அரசு 2017இல் கைவிட்டது. அரசு கிழித்தெறிந்த பட்டியலை வீடுகள் ஒட்டவைத்துக்கொண்டன. இந்திய அரசின் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கின்படி 2022ஆம் ஆண்டில் தம்மைத் தாமே மாய்த்துக்கொண்ட மாணவர் 13,044 பேர். அவருள் தமிழ்நாட்டார் 1,416 பேர். அனைத்தும் தேர்வால் நேர்ந்தவை அல்ல. எனினும், அவ்வீடுகளுள் எத்தனை வீடுகளில் அப்பிள்ளையின் குரல் உரிய காலத்தில் கேட்கப்பட்டிருக்கும்? தனிப்பயிற்சிக்குப் பேர்போன இராசத்தான் மாநிலத்துக் கோட்டா நகரில், விடுதி அறைகளின் மின்விசிறிகளில் சுருள்வில் பொருத்துமாறு 2023இல் ஆணையிட்டனர். விசிறியைத் திருத்தினர், பிள்ளையை விசிறியின்கீழ் நிறுத்திய வாழ்க்கை முறையைத் திருத்தினரல்லர்.

இங்கேதான் தாய்மொழி வந்து நிற்கிறது. ஆங்கிலவழிப் பள்ளியில் சேர்த்து, தமிழில் பேசினால் தண்டம் என்ற விதிக்கும் தலையாட்டி, வீட்டிலும் 'மம்மி', 'டாடி' என்றே அழைக்கப் பழக்கிய பெற்றோர் ஒன்றை எண்ணிப் பார்த்ததில்லை. அப்பிள்ளை கற்ற ஆங்கிலம் விடைத்தாள் எழுதப் போதும். "அம்மா, என்னால் முடியவில்லை" என்று நெஞ்சு திறந்து சொல்லப் போதாது. சொல்லுதற்குரிய தமிழோ வாயிலிலேயே தடுக்கப்பட்டுவிட்டது. துயரம் உண்டு, அதனைச் சுமந்து செல்லும் சொல் இல்லை. சொல் இல்லாத் துயரமே உயிரைக் குடிக்கும்.

இம்மண்ணின் வரலாற்றை இவர்கள் மறந்தது எப்படி? தாய்மொழி வழங்கும் நாட்டோடு சேர வேண்டும் என்பதற்காகவே தென்திருவிதாங்கூர்த் தமிழர் போராடினர். 1954 ஆகத்து 11ஆம் நாள் புதுக்கடையிலும் மார்த்தாண்டத்திலும் துப்பாக்கிக் குண்டுகளுக்கு மார்பு காட்டினர். 1956 நவம்பர் 1ஆம் நாள் குமரி தமிழ்நாட்டோடு இணைந்தது. குருதி கொடுத்து மீட்ட மொழியில், அவர்தம் பேரப்பிள்ளை தன் அழுகையைச் சொல்ல இயலாது நிற்பது யாருடைய தோல்வி?

கற்றோர் கூட்டத்தில் பிள்ளையைத் தலைநிற்கச் செய்வது தந்தையின் கடன் என்றாரே வள்ளுவர் என்று சிலர் வினவலாம். ஆம்; ஆனால் அவர் சொன்னது கற்றோர் அவை; மதிப்பெண் பட்டியல் அன்று. அவையில் நிற்பவனுக்குத் தன் கருத்தைச் சொல்லும் நாவும், பிறரைக் கேட்கும் செவியும், அஞ்சா நெஞ்சும் வேண்டும். அச்சத்தில் வளர்க்கப்பட்ட பிள்ளைக்கு இம்மூன்றும் எங்கிருந்து வரும்? நன்னூலார், ஆசிரியர் ஆகத் தகாதாரைக் பருத்திக் குண்டிகைக்கு ஒப்பிட்டார்: குறுகிய வாயுடைய கலத்தில் சிறிது சிறிதாய்த் திணித்தாலன்றிப் புகாது, சிறிது சிறிதாய்ப் பிடுங்கினாலன்றி வெளிவராது. இன்றைய பயிற்சி நடுவங்கள் பிள்ளைகளையே அக்குண்டிகையாக்கிவிட்டன.

பெற்றோர் செய்ய வேண்டுவன அரியன அல்ல. நாளும் ஒருவேளையேனும் பிள்ளையோடு அமர்ந்து உண்க. அப்பொழுது தேர்வைப் பற்றிய பேச்சை ஒழிக்க. தமிழில் பேசுக, பேசுவதினும் மிகுதியாகக் கேட்க. பிறர் பிள்ளையை அளவுகோலாக்கற்க. தவறிய தேர்வை அவ்வாண்டிலேயே துணைத்தேர்வில் எழுதலாம். போன உயிருக்குத் துணைத்தேர்வு இல்லை. பிள்ளை உண்ணாது, உறங்காது, பேசாது ஒடுங்கினால் சோம்பல் என்று ஏசாது மருத்துவரிடம் அழைத்துச் செல்க. 14416 எனும் எண்ணில் அழைத்தால் உளநல அறிவுரை தமிழிலேயே கிடைக்கிறது. அதை நாடுவது இழுக்கன்று.

நுழைவுத்தேர்வை ஒழிக்கவும் கல்வியை மாநிலத்துக்கு மீட்கவும் தமிழினம் போராடியே ஆகவேண்டும். அப்போர் நெடியது. வீட்டுக்குள் பிள்ளையைக் கேட்கும் பணியோ இன்றிரவே தொடங்கத்தக்கது. அதற்கு எந்தத் தில்லியின் இசைவும் வேண்டுவதில்லை. கல்லின் ஒலியைக் கேட்கத் தெரிந்த மண்ணுக்குப் பிள்ளையின் குரலைக் கேட்கத் தெரியாதா?