கையெழுத்துப் போடுவதற்கு முன்னால்

 

திருச்சுழி பக்கம், என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த பையன். கருவேல விறகு ஏற்றிய டிராக்டர் டிரெய்லர் அவன் பாதத்தில் ஏறி இறங்கிவிட்டது. குதிகால் தோல் உரிந்து எலும்பு தெரிந்தது. பக்கத்து வீட்டம்மா நல்ல மனசோடு காப்பித்தூளை அள்ளி அப்பிவிட்டார். (தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள். சுத்தமான துணியால் அழுத்திக் கட்டி 108-ஐக் கூப்பிட்டால் போதும்.) மதுரை போய்ச் சேருவதற்குள் உறவுக்காரர்கள் தீர்ப்பே எழுதிவிட்டார்கள்: "காலை எடுத்துட்டா ஒரே செலவோட போச்சு."

"பிளாஸ்டிக் சர்ஜரி டாக்டரும் பார்க்கட்டும்" என்று போனில் சொன்னேன். "சார், அது சினிமாக்காரங்க மூக்குக்குப் பண்றதுல்ல?" என்றார் அவன் மாமா.

இல்லை அப்பா. அழுக்கையும் செத்த சதையையும் நீக்கி, எலும்பைக் கம்பி வைத்து நிறுத்துவார்கள். பிறகு தொடையிலிருந்து ரத்தக்குழாயோடு சதையை எடுத்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்தபடி, தலைமுடியைவிட மெல்லிய நூலால் பாதத்து ரத்தக்குழாயோடு இணைத்துத் தைப்பார்கள். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலேயே பிளாஸ்டிக் சர்ஜரித் துறை இருக்கிறது.

எல்லாக் காலையும் காப்பாற்றிவிடலாம் என்று நான் சொல்லவில்லை. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து சதை சிதைந்த காயங்களுக்குக் கோவை கங்கா மருத்துவமனை டாக்டர்கள் 2006-இல் ஒரு மதிப்பெண் முறையை வெளியிட்டார்கள். தோல், எலும்பு, தசை, நோயாளியின் மற்ற உடல்நிலை எல்லாவற்றுக்கும் மார்க். 14 வரை என்றால் பெரும்பாலும் காப்பாற்றலாம். 17-ம் அதற்கு மேலும் என்றால் எடுப்பதே நல்லது. இடையில் உள்ளதை அனுபவசாலி டாக்டர் பார்த்து முடிவு செய்வார். (குறைந்த மார்க் வாங்கினவன் பாஸாகும் பரீட்சை இது ஒன்றுதான்!) இந்த மார்க்கைப் போடவேண்டியவர்கள் மாமாவும் சித்தப்பாவும் அல்ல. எலும்பு டாக்டரும் பிளாஸ்டிக் சர்ஜரி டாக்டரும் சேர்ந்து பார்த்துச் சொல்லும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.

செலவுக்குப் பயந்துதான் பாதிப் பேர் அவசரப்படுகிறார்கள். சாலை விபத்து என்றால், 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் இலவசம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எடுக்காதவர்கள் இந்த வாரமே எடுங்கள்.

பையனுக்கு மூன்று ஆபரேஷன், ஏழு மாதம் வீட்டோடு. இப்போது நடக்கிறான், லேசாகச் சாய்ந்து. ஒட்டிய சதைக்கு உணர்ச்சி இல்லை, முள் குத்தினாலும் தெரியாது. நம் ஊரில் முள்ளுக்கா பஞ்சம்? தினமும் ராத்திரி அவன் மகள் டார்ச் அடித்து அந்தப் பாதத்தைப் பார்த்த பிறகுதான் தூங்கப் போகிறாளாம்.