கரை ஒதுங்கிய மான்

2018 நவம்பர் 16-ஆம் நாள் நள்ளிரவு கடந்த வேளையில், ‘கஜா’ புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. அதனை அடுத்த நாள்களில் காரைக்கால் கடற்கரையில் மான்களின் உடல்கள் ஒதுங்கின. அப்போது வேறொரு பங்கில் பணியாற்றிய நாம், நிவாரணப் பொருள்களுடன் இப்பகுதிக்கு வந்திருந்தோம். திருவேட்டக்குடிச் சிறுவன் ஒருவன் தந்தையின் கையைப் பற்றிக்கொண்டு, மணலில் கிடந்த ஒரு மானையே பார்த்து நின்றான். “சாமி, நம்ம ஊரில் மானே கிடையாதே, இது எப்படி வந்தது?” என்று கேட்டான். “கடல் கொண்டு வந்தது, தம்பி, தொடாதே, தள்ளி நில்” என்றோம். பல ஆண்டுகள் மறையுரை ஆற்றிய நம் வாயில் அன்று வந்த விடை அவ்வளவுதான்.

இன்று நாம் இவ்வூர்ப் பக்கமே பணியாற்றுகிறோம். அச்சிறுவன் மேனிலைப் பள்ளியில் பயில்கிறான். திருப்பலியில் பீடச் சிறுவருக்குத் தலைவன். சென்ற தை மாதத்தில் ஒரு நாள் பூசை முடிந்ததும் அவன் வந்து, “சாமி, அந்த மான் இருந்த இடத்துக்குப் போய் வரலாமா?” என்றான். அவன் மறக்கவில்லை. நாமும் மறக்கவில்லை என்பது அப்போதுதான் நமக்கே தெரிந்தது.

அந்த இடம் கோடியக்கரை. ஏறத்தாழ 90 கிலோமீட்டர். பேருந்தில் போகலாம் என்றோம். பிள்ளைகள் ஐவரும் சைக்கிளில்தான் என்று பிடிவாதம் பிடித்தனர். ஐம்பதைக் கடந்த நம் முழங்கால்களை யாரும் கலந்து ஆலோசிக்கவில்லை.

வாசகர்களில் பலர் வேளாங்கண்ணிக்கு நடந்தோ மிதிவண்டியிலோ சென்றிருப்பீர்கள். ஆனால், செபமாலையும் பாட்டுமாகச் செல்லுகையில் பாலங்களை யாரும் எண்ணுவதில்லை. தட்டையான நம் சமவெளியில் ஏற்றம் என்று ஒன்று உண்டென்றால் அது பாலம்தான். பேருந்தில் ஒரு குலுக்கலோடு கடந்து போகும் ஆற்றை, மிதிவண்டியில் செல்பவன் மூச்சு வாங்கிக் கடக்கிறான். காரைக்காலில் அரசலாறு, தெற்கே திருமலைராஜனாறு, நாகூரில் வெட்டாறு, நாகையில் கடுவையாறு, வேளாங்கண்ணியில் வெள்ளையாறு. எல்லாம் காவிரி, வெண்ணாற்றின் கிளைகள். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடப்பெறும். நாம் சென்றது மூடும் வேளை. பாலத்தின் மேற்கே நீர் மெலிந்திருக்க, கிழக்கே கடல்நீர் ஏறி நிற்பதைப் பிள்ளைகள் கண்டனர். “கடைமடை என்றால் இதுதானா சாமி?” என்றான் ஒருவன். விவசாயி மகன்தான், பாடநூலில் படித்த சொல்லை அன்றுதான் கண்ணால் பார்த்தான்.

இரவு அன்னையின் திருத்தலத்தில் தங்கி, விடியற்காலைத் திருப்பலிக்குப் பின் புறப்பட்டோம். வேதாரண்யத்தைக் கடந்து அகத்தியம்பள்ளியில் உப்புச் சத்தியாக்கிரக நினைவுத் தூணருகே நின்றோம். இராஜாஜியின் அணி 1930 ஏப்ரல் 13-இல் திருச்சியிலிருந்து நடக்கத் தொடங்கி, 28-ஆம் நாள் வேதாரண்யத்தை அடைந்தது. இதைச் சொன்னதும் கால்வலி பற்றிய முணுமுணுப்பு சற்று அடங்கிற்று.

கோடியக்கரை வனவிலங்குப் புகலிடம் வெளிமானைக் காக்கவென்று 1967-இல் ஏற்படுத்தப்பெற்றது. 2002-இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பெற்றது. கிழக்குக் கரை இங்கே மேற்கு நோக்கித் திரும்புகிறது. மலை இல்லை, பாறை இல்லை. ஆறுகள் கொணர்ந்த வண்டலும் கடல் ஒதுக்கிய மணலுமே இந்நிலம். அதன்மேல் பாலை மரங்கள் நிறைந்த உலர் பசுமைக் காடு, புல்வெளி, உவர்ச்சேறு. ‘பொன்னியின் செல்வன்’ படித்தவர்களுக்குக் கோடிக்கரைக் கலங்கரை விளக்கம் நினைவிருக்கும். சோழர் காலத்ததாகச் சொல்லப்படும் அந்தப் பழைய விளக்கம் 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் அழிந்தது.

அனுமதிச் சீட்டுப் பெற்று, காவலர் காட்டிய பாதையில் சிறிது தொலைவு மிதிவண்டியிலும் பின்னர் நடந்தும் சென்றோம். முதல் அரைமணி நேரம் மானே இல்லை. ஐந்து பிள்ளைகள் ஒருசேரப் பேசினால் எந்த மான்தான் நிற்கும்? வாயை மூடச் சொல்லி ஒரு மரநிழலில் அமர வைத்தோம். கோவிலில்கூட இவ்வளவு நேரம் அவர்கள் அசையாமல் இருந்து நாம் கண்டதில்லை.

முதலில் மட்டக்குதிரைகள் வந்தன. மனிதர் என்றோ விட்டுச் சென்றவற்றின் வழிவந்தவை. மானுக்குரிய புல்லையும் மேய்கின்றன. சீமைக் கருவேல நெற்றுகளைத் தின்று விதைகளைப் பரப்புகின்றன. பிறகு, தொலைவில் புல் அசைந்தது. கொம்பில்லாத பழுப்பு நிறப் பெண்மான்கள் நான்கைந்து. அவற்றுக்குப் பின்னே, முதுகு கருத்து, வயிறு வெளுத்து, முறுக்கிய கொம்புகளோடு ஓர் ஆண் மான். அது நம்மைப் பார்த்தது. ஒரு துள்ளல்; உடனே மற்றவையும் துள்ளின. நம் பையன் எதுவும் சொல்லவில்லை. வெகுநேரம் கழித்து, “அன்றைக்கு அதற்குக் கண் மூடியிருந்தது, சாமி” என்றான்.

வெளியே கோடியக்காட்டு ஊர்ப்புறத்தில், சீமைக் கருவேல விறகுக் கட்டோடு ஓர் அம்மையார் அமர்ந்திருந்தார். அம்மரம் புல்வெளியை மூடி மானின் மேய்ச்சலைக் குறைக்கிறது என்று பிள்ளைகள் சற்றுமுன்தான் அறிந்திருந்தனர். ஒருவன் துடுக்காக, “இதை அடியோடு ஒழித்துவிட வேண்டும்” என்றான். அம்மையார் சிரித்தார். “ஒழியுங்கள், தம்பி. அப்புறம் எங்கள் வீட்டு அடுப்புக்கு யார் விறகு தருவார்?” என்றார். பையன் நம்மைப் பார்த்தான். நாம் குதிரைகளைப் பற்றி ஏதோ சொல்லிச் சமாளித்தோம்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் விடுத்த ‘லவுதாத்தோ சி’ சுற்றுமடல், மண்ணின் அழுகுரலையும் ஏழையின் அழுகுரலையும் ஒருங்கே கேட்கச் சொல்கிறது. அதை விளக்கி நாம் இருமுறை மறையுரை ஆற்றியதுண்டு. அந்த விறகுக் கட்டின் முன் நின்றபோதுதான் அது எவ்வளவு கடினமான கட்டளை என்று விளங்கிற்று. மரம் அகல வேண்டும் என்பதே நம் கருத்து. ஆனால் அவர் அடுப்புக்கு வேறு வழி காட்டிய பிறகு. நம் கல்லறைத் தோட்டத்தின் வடபுறத்திலும் அதே மரம் மண்டிக் கிடக்கிறது. அதை வெட்டும்போது விறகு யாருக்குப் போகும், அவ்விடத்தில் எது நடப்படும் என்பதை முதலில் முடிவு செய்யுமாறு பங்குப் பேரவையிடம் கேட்டிருக்கிறோம். பேச்சு இன்னும் முடியவில்லை.

செல்ல விரும்பும் குடும்பங்கள் அக்டோபர் முதல் பிப்ரவரிக்குள் செல்க. பூநாரைகளும் பிற வலசைப் பறவைகளும் வரும் பருவம் அது. குடிநீர் கொண்டு செல்க. கொண்டுபோன நெகிழிப் பையையும் திரும்பக் கொண்டு வருக.

திரும்புகையில் நாம் நாகையிலிருந்து, மிதிவண்டியைப் பேருந்தின் கூரைமேல் ஏற்றிவிட்டுப் பயணம் செய்தோம். பிள்ளைகள் மிதித்தே வந்தனர். காரைக்காலில் அவர்களுக்காகக் காத்திருந்தபோது நால்வர் மட்டுமே வந்து சேர்ந்தனர். நம் பையன் கடற்கரைக்குத் திரும்பிவிட்டானாம். தேடிச் சென்றோம். அன்று மான் கிடந்த இடத்தில் மீனவர் ஒருவர் வலை உலர்த்திக்கொண்டிருந்தார். வண்டியைப் பிடித்தபடி அவன் அவரிடம் தெற்கே கை நீட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான்.