இரவில் படித்த என்ஜினீயர்கள்

மயிலாப்பூரில் மெட்ரோ ரெயிலின் இரண்டாம் கட்ட வேலை நடக்கிறது. தியாகராய நகர் பனகல் பூங்கா பக்கத்திலும், அடையாறிலும் அதே வேலைதான். இத்தகைய இடங்களில் கம்பி கட்டியிருப்பதைச் சரிபார்த்து, கான்கிரீட் போட்டு முடியும்வரை கூடவே நிற்பவர்களில் பாலிடெக்னிக்கில் டிப்ளமா படித்தவர்கள் உண்டு. வேலை தெரிந்தவர்கள். ஆனால், பட்டம் இல்லை. பட்டம் கேட்கும் பதவி வந்தால் அங்கேயே நின்றுவிட வேண்டியதுதான்!

இவர்களுக்கு ஒரு வழி இருந்தது. அதுதான் ஏ.எம்.ஐ.இ. பரீட்சை.

இந்திய என்ஜினீயர்கள் சங்கம் 1920-ம் ஆண்டில் சென்னையில் பதிவு செய்யப்பட்டது. அதன் தலைமையகம் கல்கத்தாவில் அமைந்தது. 1928-ல் சங்கம் பரீட்சை நடத்தத் தொடங்கியது. 1935-ல் அரச சாசனம் பெற்றது. மயிலாப்பூரிலிருந்து கடற்கரைச் சாலை வழியாக வடக்கே சென்றால், சேப்பாக்கம் சுவாமி சிவானந்தா சாலையில் அதன் தமிழ்நாட்டுக் கிளையைக் காணலாம்.

பரீட்சைக்கு இரண்டு பகுதிகள். முதல் பகுதியில் கணக்கு முதலான அடிப்படைப் பாடங்கள். இரண்டாவதில் சிவில், மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் என்று அவரவர் துறை. கல்லூரி வகுப்பு இல்லை. பகலில் உத்தியோகம், இரவில் படிப்பு. பழைய வினாத்தாள்களைத் தேடிப் பிடித்து, ஒவ்வொரு கணக்காகப் போட்டுப் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு இரு முறை பரீட்சை வரும். இந்தப் பாடம் போனால் அடுத்த முறை. இப்படியே ஆண்டுகள் ஓடும். விடாப்பிடியாக நின்றவர்களே தேறினார்கள். தேறியவர்களைச் சர்க்கார் உத்தியோகத்துக்கு பட்டதாரிகளுக்குச் சமமாக ஏற்றுக்கொண்டார்கள்.

அந்தக் கதவு சாத்தப்பட்டுவிட்டது. 2013-ம் ஆண்டு மே 31-ந் தேதி வரை சேர்ந்தவர்களுக்கு மட்டுமே அந்த மதிப்பு உண்டு என்று மத்திய சர்க்கார் முடிவு செய்தது. பிறகு வந்தவர்களுக்கு இல்லை.

"சோதனைக்கூடத்தில் கை வைக்காமல், புத்தகத்தைப் படித்தே என்ஜினீயர் ஆகலாமா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். மவுலிவாக்கத்தில் 2014 ஜூன் 28-ந் தேதி 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் மாண்டதைச் சென்னை மறக்கவில்லை. என்ஜினீயர் வேலை உயிரோடு சம்பந்தப்பட்டது. ஆகவே, சலுகை காட்டச் சொல்லவில்லை. பரீட்சையை இன்னும் கடுமையாக்கட்டும். பாலிடெக்னிக்குகளில் ஞாயிற்றுக்கிழமைகளில் செய்முறைப் பரீட்சை வைக்கட்டும். வேலை அனுபவத்தை அதிகாரிகள் நேரில் விசாரிக்கட்டும். ஆனால், பரீட்சையே வேண்டாம் என்பது எப்படிச் சரியாகும்?

அமெரிக்காவைப் பாருங்கள். அங்கே வயோமிங் மாநிலத்தில் 1907-ம் ஆண்டிலேயே என்ஜினீயர்களுக்கு லைசென்சு சட்டம் வந்தது. கட்டடப் படத்தில் பொறுப்பேற்றுக் கையெழுத்திட விரும்புகிறவர், பட்டம் பெற்றவராயினும், சில ஆண்டு அனுபவத்துக்குப் பிறகு பரீட்சை எழுதித்தான் லைசென்சு வாங்க வேண்டும். கலிபோர்னியா போன்ற மாநிலங்களில் பட்டம் இல்லாதவரும் நீண்ட அனுபவத்தைக் காட்டிப் பரீட்சைக்கு உட்காரலாம். எங்கே படித்தாய் என்பதைவிட, என்ன தெரியும் என்பதற்கே அங்கு மதிப்பு.

வேலை பார்ப்பவர்களுக்குப் பகுதி நேர வகுப்புகள் இருக்கின்றனவே என்று சொல்லலாம். இன்று அடையாறு, நாளை மதுரை என்று வேலை இழுக்கும் இடத்துக்கெல்லாம் போகிறவர், மாலைதோறும் ஒரே வகுப்பில் எப்படி உட்காருவார்? கட்டணம் கட்டவும் எல்லாராலும் முடியாது.

படிக்க வசதி இல்லாதவனுக்குப் பரீட்சை எழுதும் உரிமையாவது வேண்டும். திறமை இருந்தால் தேறட்டும், இல்லாவிட்டால் தோற்கட்டும். மத்திய சர்க்கார் தக்க நிபந்தனைகளோடு அந்தக் கதவை மறுபடியும் திறக்க வேண்டும்.