நாலு கிலோபைட் குரங்கு!

மாரியோவைத் தெரியாத குழந்தைகள் குறைவு. அந்தத் தொப்பி மீசைக்காரர் முதலில் தலைகாட்டியது 1981-ல், ஜப்பானின் நின்டெண்டோ வெளியிட்ட 'டாங்கி காங்' விளையாட்டில். உச்சியில் ஒரு முரட்டுக் குரங்கு, ஒரு பெண்ணைப் பிடித்து வைத்துக்கொண்டு பீப்பாய்களை உருட்டிவிடும். ஏணி ஏறி, பீப்பாய் தாண்டி அவளைக் காப்பாற்ற வேண்டும். காசு போட்டு ஆடும் ஆர்கேட் கடைகளில் செம ஹிட்!

'இதை வீட்டு டி.வி-யிலும் ஆடலாமே' என்று உரிமை வாங்கியது அமெரிக்காவின் கொலிகோ நிறுவனம். தன் சொந்த மெஷினான கொலிகோவிஷனுக்கு மட்டுமல்ல. அப்போது ஏகப்பட்ட வீடுகளில் இருந்த அட்டாரி 2600-க்கும் சேர்த்து. அட்டாரி வேலை, கேரி கிச்சன் என்ற இளைஞரிடம் வந்தது.

அங்கேதான் சிக்கல். 1977-ல் வந்த அந்த மெஷினின் நினைவகம் வெறும் 128 பைட். கிலோவும் இல்லை, மெகாவும் இல்லை! ஒரு முழுப் படத்தை வைத்துக்கொள்ளக்கூட இடம் கிடையாது. டி.வி திரை ஒவ்வொரு கோடாக வரைய வரைய, அந்தக் கோட்டில் என்ன வர வேண்டும் என்று புரோகிராம் உடனுக்குடன் சொல்ல வேண்டும். கல்லில் தோசை ஊற்றிக்கொண்டே மாவும் அரைப்பது மாதிரி! அதுவும் நொடிக்கு 60 முறை.

ஒரு கோட்டில் காட்டக்கூடிய பெரிய உருவங்கள் இரண்டே இரண்டு. மாரியோ ஒன்று, பீப்பாய் ஒன்று, கணக்கு முடிந்தது. முழு விளையாட்டும் அடங்க வேண்டிய கார்ட்ரிட்ஜோ 4 கிலோபைட்.

எதை வைப்பது, எதை விடுவது? ஆர்கேடில் நான்கு காட்சிகள். கிச்சன் வைத்தது இரண்டு: பீப்பாய் உருளும் முதல் காட்சி, ஆணி கழற்றும் கடைசிக் காட்சி. ஆனால், ஒரு விஷயத்தை மட்டும் அவர் விடவில்லை. மேடைகளை நேராகப் போட்டிருந்தால் வேலை பாதியாகியிருக்கும். சாய்வு இல்லாத டாங்கி காங், டாங்கி காங்கா? கட்டம் கட்டமாக மட்டுமே வரையத் தெரிந்த மெஷினில், மேடையைச் சின்னச் சின்னப் படிகளாக இறக்கிச் சாய்வைக் கொண்டுவந்தார்.

1982-ல் விளையாட்டு வெளிவந்தது. கூடவே கேலியும். குரங்கு, பிஸ்கட் பொம்மை மாதிரி இருக்கிறதாம்! 'சொந்த மெஷின் விற்க வேண்டும் என்று கொலிகோ வேண்டுமென்றே சொதப்பியது' என்ற வதந்தியும் கிளம்பியது. கிச்சன் அதை மறுத்தார்.

பல வருடங்கள் கழித்து, அதே அட்டாரியில் நான்கு காட்சிகளும் ஓடும்படி ஒரு ரசிகர் செய்து காட்டினார். ஆனால், அவர் கையில் இருந்தது பல மடங்கு பெரிய கார்ட்ரிட்ஜ்.

கடையில் வாங்கிய குழந்தைக்குத் தெரிந்தது காணாமல்போன இரண்டு காட்சிகள். கிச்சனுக்குத் தெரிந்தது, அந்த ஒரு சாய்வுக்குப் பட்ட பாடு!