வாண்டுகளோடு ஒரு ராத்திரி ரயில்: டிக்கெட் இலவசம்தான், தூக்கம் யார் கணக்கில்?

சென்னையில் வேலை, மதுரையில் அம்மா வீடு. வெள்ளிக்கிழமை ராத்திரி எழும்பூரில் பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறினால் சனிக்கிழமை காலைக் காபி மதுரையில். கல்யாணத்துக்கு முன்னால் இதைவிடச் சுகமான பயணம் கிடையாது. அப்பர் பெர்த்தில் ஏறிப் படுத்தால் விழுப்புரம் வந்ததும் தெரியாது, திருச்சி போனதும் தெரியாது. அதே ஆள் சில வருடம் கழித்து மூன்று வயதில் ஒன்று, ஒன்றரை வயதில் ஒன்று என இரண்டு வாண்டுகளோடு ஏறும்போதுதான், ஒரு ரயில் பெட்டியில் எத்தனை விளக்கு, எத்தனை சுவிட்ச், எத்தனை ஏணி இருக்கிறது என்பதே தெரியவருகிறது.

டிக்கெட் விஷயம் எளிது. 5 வயது நிரம்பாத குழந்தைக்குத் தனி பெர்த் கேட்காவிட்டால் கட்டணம் இல்லை. பெர்த் வேண்டும் என்றால் பெரியவர்களுக்கான முழுக் கட்டணம். 2022-ல் சின்னக் குழந்தைகளுக்கும் கட்டாயக் கட்டணம் என்று ஒரு பரபரப்பு கிளம்பியது. விதி எதுவும் மாறவில்லை, பெர்த் கேட்பவர்கள் மட்டும் கட்டினால் போதும் என்று ரயில்வே விளக்கம் கொடுத்தது.

இலவசம் என்றதும் பெரும்பாலான வீடுகளில் கணக்கு இப்படித்தான் போகும்: "ரெண்டு டிக்கெட் போதும்பா, பசங்க நம்மகூடப் படுத்துக்குவாங்க." கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பெர்த்தின் அகலம் ஏறக்குறைய இரண்டடி. அதில் அம்மா ஒருக்களித்துப் படுத்து, குழந்தையைச் சுவர்ப் பக்கம் போட்டு, வண்டி பிரேக் போடும்போதெல்லாம் ஒரு கையால் அணைத்துப் பிடித்து, விடிய விடியக் கிடப்பதற்குப் பெயர் தூக்கம் இல்லை, காவல். அந்த இலவசத்துக்கான விலையை அவர்தான் செலுத்துகிறார்.

அதுவும் லோயர் பெர்த் கிடைத்தால்தான். மிடிலோ அப்பரோ வந்துவிட்டால், ஏறியதும் முதல் வேலை எதிரில் இருப்பவரிடம் கெஞ்சுவது.

"அண்ணா, கைக்குழந்தை இருக்கு, கொஞ்சம் மாத்திக்கிறீங்களா?"

"எனக்கும் முட்டி வலிம்மா. இதுக்குன்னுதான் ரெண்டு மாசத்துக்கு முன்னாடியே போட்டேன்."

இரண்டு பேர் சொல்வதும் நியாயம். முன்பதிவு திறக்கும் அன்றைக்கே, 60 நாளுக்கு முன்னால் கவனமாக லோயர் போட்டவர் ஏன் எழுந்து மேலே ஏற வேண்டும்? சமூக வலைத்தளங்களில் இதை வைத்து மாதத்துக்கு ஒரு சண்டை நடக்கிறது. ஒரு தரப்பு 'மனிதாபிமானம் இல்லையா' என்கிறது, இன்னொரு தரப்பு 'உன் குழந்தை, உன் பொறுப்பு' என்கிறது. இரண்டு தரப்பும் பயணிகளையே திட்டிக்கொள்கின்றன. பெர்த்தை ஒதுக்கிக் கொடுத்த கணினியை யாரும் கேட்பதில்லை.

கேட்க வேண்டியது அதைத்தான். மூத்த குடிமக்கள், 45 வயது தாண்டிய பெண்கள், கர்ப்பிணிகள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு லோயர் பெர்த் ஒதுக்கீடு இருக்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் அந்தப் பட்டியலில் சின்னக் குழந்தையோடு வருபவர்கள் இல்லை. கர்ப்பமாக இருக்கும்வரை சலுகை உண்டு. குழந்தை பிறந்ததும் அது போய்விடுகிறது. வயிற்றில் இருந்த குழந்தை கைக்கு வந்துவிட்டால் தாய்க்கு ஏணி ஏறுவது சுலபமாகிவிடும் என்று எந்த அதிகாரி நினைத்தாரோ!

இதில் வேடிக்கை என்னவென்றால், ஐஆர்சிடிசி தளத்தில் டிக்கெட் போடும்போதே பெர்த் வேண்டாத சின்னக் குழந்தையின் விவரத்தையும் சேர்க்கலாம். அதாவது, இந்தப் பயணியோடு ஒரு குழந்தை வருகிறது என்பது கணினிக்கு ஏற்கெனவே தெரியும். பெர்த் பிரிக்கும்போது அந்தத் தகவலையும் கணக்கில் எடு என்று சொல்வதுதான் பாக்கி. புதுப் பெட்டி கட்ட வேண்டாம், புது மெத்தை தைக்க வேண்டாம். 80 பெர்த் கொண்ட ஒரு ஸ்லீப்பர் பெட்டியில் சைடு லோயரையும் சேர்த்து 30 லோயர் பெர்த்துகள் இருக்கின்றன. அதில் இரண்டை ஒதுக்கினால் முட்டி வலிக்காரருக்கும் பெரிதாகக் குறைந்துவிடாது.

குழந்தைக்கென்று ரயில்வே ஒன்றுமே யோசிக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. 2022 மே மாதம், அன்னையர் தினத்தையொட்டி, லக்னோ மெயிலில் 'பேபி பெர்த்' ஒன்றைப் பரிசோதனையாக வைத்தார்கள். லோயர் பெர்த்தின் ஓரத்தில் மடக்கி விரிக்கும் ஒரு குட்டிப் படுக்கை. போட்டோ எல்லாருடைய போனுக்கும் வந்தது. பெர்த்துதான் எழும்பூர் வரை வந்தபாடில்லை.

நம் ஊர்ப் பெண்கள் அதற்காகக் காத்திருக்கவும் இல்லை. பழைய பருத்திப் புடவையை மேல் பெர்த்துகளுக்கு நடுவே தூளியாகக் கட்டி, குழந்தையைப் போட்டு, காலால் லேசாக ஆட்டிக்கொண்டே பக்கத்து சீட்டுக்காரரிடம் ஊர்க்கதை பேசும் காட்சியை ஸ்லீப்பர் பெட்டியில் எப்போதும் பார்க்கலாம். ரயில் தாலாட்டும், தூளியும் தாலாட்டும், குழந்தை அடித்துப் போட்டாற்போலத் தூங்கும். முடிச்சு பலமாக இருக்கிறதா, சங்கிலி நழுவுமா என்ற கவலை மட்டும் தாய்க்கு. அந்தக் கவலையையும் அவரே பார்த்துக்கொள்ள வேண்டியிருப்பதுதான் வருத்தம். தவழத் தொடங்கிய குழந்தைக்கு அதுவும் சரிப்படாது, எழுந்து நின்றுவிடும்.

அப்படியானால் போகிறவர்கள் என்ன செய்வது? கூடுதலாக ஒரு பெர்த் போடுவதுதான் உருப்படியான வழி. இரண்டு குழந்தைக்கும் சேர்த்து ஒன்று போதும். ஸ்லீப்பரில் அது சில நூறு ரூபாய், மூன்றடுக்கு ஏசியில் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். இந்தக் கணக்கைப் பெற்றோர்கள் எப்போதோ போட்டுவிட்டார்கள். 2016 ஏப்ரலில் 5 முதல் 12 வயதுக்குள் இருப்பவர்கள் பெர்த் வேண்டுமென்றால் முழுக் கட்டணம், இல்லையென்றால் பாதி என்று விதி மாறியது. அடுத்த ஏழு ஆண்டுகளில் பாதிக் கட்டணத்தில் பெர்த் இல்லாமல் போன குழந்தைகள் சுமார் 3.6 கோடி, முழுக் கட்டணம் கொடுத்துப் பெர்த் வாங்கியவர்கள் 10 கோடிக்கும் மேல். அந்த மாற்றத்தால் ரயில்வேக்குக் கிடைத்த கூடுதல் வருமானம் சுமார் 2,800 கோடி ரூபாய் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டக் கேள்வி ஒன்றுக்குப் பதில் வந்தது. குழந்தைகளிடமிருந்து வந்த அந்தப் பணத்தில் எத்தனை பேபி பெர்த் செய்யலாம் என்பதை ரயில்வேதான் சொல்ல வேண்டும்.

டிக்கெட் போடும்போது 'குறைந்தது ஒரு லோயர் பெர்த் கிடைத்தால் மட்டும் பதிவு செய்' என்ற தேர்வையும் டிக் செய்துவிடலாம். பலர் அதைக் கவனிப்பதே இல்லை.

வண்டியைத் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பயணம் குறைவான நேரம் என்றால் நல்லது என்று தோன்றும். ராத்திரி வண்டிக்கு அது நேர்மாறு. சென்னையில் நள்ளிரவை ஒட்டிக் கிளம்பி, விடிவதற்குள் திருச்சியில் இறக்கிவிடும் வண்டியில் குழந்தையின் தூக்கம் இரண்டு முனையிலும் கெடும். ஒன்பது, பத்து மணிக்குள் கிளம்பும் வண்டி மேல். அதைவிட முக்கியம், இறங்க வேண்டிய ஊரிலேயே வண்டியும் முடிய வேண்டும். மதுரைக்குப் பாண்டியன், கோவைக்குச் சேரன் என்றால் அவசரமில்லை. தூத்துக்குடி போகும் வண்டியில் ஏறி நடுவில் விருத்தாசலத்தில் இறங்குவதென்றால், ஒரு தோளில் தூங்கும் பிள்ளை, இன்னொரு கையில் அழும் பிள்ளை, வாயில் போன் டார்ச்.

சாப்பாட்டை வீட்டிலேயே முடித்துவிடுவது நல்லது. பாலும் வெந்நீரும் ஃபிளாஸ்கில் இருக்கட்டும். 2016-ல் 'ஜனனி சேவா' என்று ஸ்டேஷன்களில் குழந்தைகளுக்குப் பால், வெந்நீர் தரும் திட்டத்தை ரயில்வே அறிவித்தது உண்மைதான், நடு ராத்திரியில் அதை நம்பி ஃபிளாஸ்கைக் காலியாக எடுத்துப் போக முடியாது. ஏசி பெட்டியில் ஸ்வெட்டர், சாக்ஸ் மறக்கக் கூடாது. மூன்று வயதுப் பிள்ளையை அப்பர் பெர்த்தில் அப்பாவோடு படுக்கவைக்கும் யோசனையே வேண்டாம்.

இன்னொன்று, பெட்டியில் இருக்கும் மற்றவர்கள். விதிப்படி படுக்கும் நேரம் ராத்திரி 10 முதல் காலை 6 வரை. குழந்தைக்கு அந்த விதி தெரியாது. மிடில் பெர்த்தைத் தூக்கி மாட்டியதும் கீழே நிமிர்ந்து உட்கார்ந்து பால் கொடுக்கக்கூட இடம் இருக்காது. குனிந்த கழுத்தோடு ஒரு தாய் படும் பாட்டை மேலே படுத்திருப்பவர் பார்க்க முடியாது, அழுகை மட்டும்தான் கேட்கும். "பாப்பாவ கொஞ்சம் வெளிய தூக்கிட்டுப் போங்களேன்" என்று குரல் வரும். அப்பாக்கள் அப்போது போர்வையை இழுத்து மூடிக்கொள்ளாமல் எழுந்து வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டு நடந்தால், செங்கல்பட்டு தாண்டுவதற்குள் அது தூங்கிவிடும்.